உஷார்! லாவோ ட்சு பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைக்கிறார்கள்

உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். பனி மூடிய மலை, ஓரத்தில் இரண்டு மூங்கில், வெண்தாடி வைத்த ஒரு சீனப் பெரியவர். கீழே, போனதை நினைக்காதே, விட்டுவிடு, முன்னால் நட என்ற ரீதியில் இரண்டு வரி. அதற்கும் கீழே லாவோ ட்சு என்றோ கன்பூசியஸ் என்றோ ஒரு பெயர். காலை வணக்கத்தோடு வரும். நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன வீட்டுக்கு வரும். சாவு விழுந்த வீட்டுக்குக் காரியம் முடிவதற்குள் வந்துவிடும்.

சமீபத்தில் அது வந்து சேர்ந்த ஓர் இடம் என்னைப் பதற வைத்தது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்காக ஏலச்சீட்டு கட்டிவந்தார். சீட்டை எடுத்தும் பணம் கைக்கு வரவில்லை. நடத்தியவர் இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்தார். ஒருநாள் சீட்டு கட்டியவர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் அவரே ஒரு படம் போட்டார். அதே மலை, அதே தாடி. பிடித்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் வலி, விட்டவனுக்கு நிம்மதி என்று ஏதோ எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அவற்றில் ஒன்று அந்த அம்மாவுடையது. "பெரியவங்க சொன்னதுதானே சார், நாமதான் மனசைத் தேத்திக்கணும்" என்றார் என்னிடம்.

அந்தப் பெரியவர் அப்படிச் சொல்லவே இல்லை என்பதால்தான் இவ்வளவு அவசரமாக இதை எழுதுகிறேன்.

பழைய சீன நூல்களில் 'விட்டுவிடு' என்ற அறிவுரை நிறையவே இருக்கிறது. அதை யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதில்தான் இன்று மோசடி நடக்கிறது. நாட்டைப் பிடித்த அரசனைப் பார்த்துச் சொன்னார்கள். ஜெயித்த பிறகும் நாற்காலியை விடாத மந்திரியைப் பார்த்துச் சொன்னார்கள். சேர்த்துக்கொண்டே போகிறவனைப் பார்த்துச் சொன்னார்கள். படகில் போகும்போது வாளை ஆற்றில் தவறவிட்டவன், விழுந்த இடத்துக்கு அடையாளமாகப் படகின் ஓரத்தில் கோடு கிழித்துவைத்தான் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். கரை சேர்ந்ததும் அந்தக் கோட்டுக்கு நேரே இறங்கித் தேடினானாம். கி.மு. 239 வாக்கில் தொகுக்கப்பட்ட 'லூஷி சுன்சியூ' என்ற நூலில் இருக்கும் கதை இது. அங்கே இது தனிமனிதனின் மனக்காயத்துக்கு மருந்தாகச் சொல்லப்படவில்லை. காலம் மாறிய பிறகும் பழைய சட்டங்களை வைத்துக்கொண்டு ஆளப் பார்க்கும் அரசர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. மேலே இருப்பவனுக்குச் சொன்னதைத் திருப்பிப் போட்டு, பறிகொடுத்தவன் காதில் ஓதுகிறார்கள் இன்று. உஷாராக இருக்க வேண்டியது இங்கேதான்.

விட்டுவிடுவது என்றால் அந்தக் காலத்தில் என்ன பொருள் என்று தெரிய, ஃபான் லி, வென் ஜோங் என்ற இரண்டு மந்திரிகளின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இருவருக்கும் அரசன் ஒருவன்தான்: யூவே நாட்டின் கௌஜியான். கௌஜியானின் பெயர் பொறித்த வாள் ஒன்று 1965-இல் ஹூபே மாகாணத்தில் ஒரு பழைய கல்லறையில் கிடைத்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்தும் அதன் கூர் மழுங்கியிருக்கவில்லை.

கௌஜியான் பக்கத்து நாடான வூவிடம் தோற்று அவமானப்பட்டவன். ஊர் திரும்பியதும், உட்காரும்போதும் படுக்கும்போதும் கண்ணில் படும்படி ஒரு பித்தப்பையைத் தொங்கவிட்டு, பட்ட அவமானம் மறந்துவிடக் கூடாது என்று அதன் கசப்பை ருசி பார்த்துக்கொண்டே இருந்தானாம். சீனப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்வது இவனைத்தான். 'சீன ஞானம்' என்றாலே மறப்பதும் விடுவதும்தான் என்று நம்பும் நம்மவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு, கி.மு. 473-இல் கௌஜியான் வூவை அடியோடு அழித்தான். மூளையாக இருந்து உழைத்தவர்கள் அந்த இரண்டு மந்திரிகள். வெற்றி வந்ததும் ஃபான் லி, எடுத்துப் போகக்கூடிய பொன்னையும் மணியையும் படகில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து வென் ஜோங்குக்குக் கடிதம் எழுதினார். பறவைகள் தீர்ந்ததும் வில்லைத் தூக்கிப் பரண்மேல் போடுவார்கள், முயல்கள் தீர்ந்ததும் வேட்டை நாயையே சமைத்துவிடுவார்கள், இந்த அரசன் கஷ்டத்தில் கூட இருக்கத் தகுந்தவன், சுகத்தில் கூட இருக்கத் தகாதவன், உடனே கிளம்பு என்பது அதன் சாரம்.

வென் ஜோங் கிளம்பவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அரசவைக்குப் போகாமல் மட்டும் இருந்தார். கலகம் செய்யத் திட்டமிடுகிறார் என்று யாரோ கோள் சொன்னார்கள். அரசன் அவருக்கு ஒரு வாளை அனுப்பிவைத்தான். வூவை வெல்ல நீ எனக்கு ஏழு உத்திகள் சொல்லிக்கொடுத்தாய், மூன்றிலேயே ஜெயித்துவிட்டேன், மிச்சம் நான்கை மேலுலகத்தில் என் தகப்பனாருக்குச் செய்து காட்டு என்று சொல்லி அனுப்பினான். வென் ஜோங் அந்த வாளாலேயே உயிரை விட்டார்.

ஃபான் லியோ சி நாட்டில் விவசாயம் செய்து பெரும் பணக்காரரானார். அங்கேயும் மந்திரி பதவி தேடி வந்தது. முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, தாவோ என்ற வணிக ஊருக்குப் போனார். 19 ஆண்டுகளில் மூன்று முறை ஆயிரம் பொன் சேர்த்தார், இரண்டு முறை அதை ஏழை நண்பர்களுக்கும் தூரத்து உறவினர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தார் என்கிறது வரலாறு.

இதுதான் 'விட்டு முன்னே போவது'. தன் கையில் இருக்கும் பதவியை, தான் சேர்த்த பொருளை, வேளை பார்த்துத் தானே விடுவது. இன்னொருவன் பிடுங்கிக்கொண்டதற்கு 'விட்டுக்கொடுத்தேன்' என்று பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி ஃபான் லி யாருக்கும் கடிதம் எழுதவில்லை. சொல்லப்போனால் அவர் எழுதியது ஆபத்து அறிவிப்பு, நாம் இப்போது உஷார் என்று கத்துவதைப் போல.

லாவோ ட்சுவுக்கு வருவோம். 'தாவோ தே ஜிங்' பெரிய புத்தகமில்லை. 81 சிறு அத்தியாயங்கள், ஏறக்குறைய ஐயாயிரம் சீன எழுத்துகள், அவ்வளவுதான். தமிழில் கவிஞர் சி. மணி மொழிபெயர்த்திருக்கிறார். ஒரு சாயங்காலத்தில் படித்து முடித்துவிடலாம். ஒன்பதாம் அத்தியாயம், வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளச் சொல்கிறது. நாற்பத்து நான்காவது, போதும் என்று எங்கே நிற்பது எனத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை என்கிறது. எழுபத்தைந்தாவது, மக்கள் பட்டினி கிடப்பதற்குக் காரணம் மேலே இருப்பவர்கள் அளவுக்கு மிஞ்சி வரியைத் தின்பதுதான் என்று பச்சையாகச் சொல்கிறது. அந்தக் கடைசி அத்தியாயத்தை மூங்கில் படத்தோடு யாராவது உங்களுக்கு அனுப்பியதுண்டா? எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

வருவதெல்லாம் வேறு. மனச்சோர்வு என்றால் நீ கடந்த காலத்தில் வாழ்கிறாய், பதற்றம் என்றால் எதிர்காலத்தில் வாழ்கிறாய் என்ற பொருளில் ஒன்று வரும். 81 அத்தியாயங்களில் எதிலும் அது கிடையாது. இப்போது இருக்கும் நானை விட்டால்தான் ஆகக்கூடிய நானாக ஆவேன் என்ற பொருளில் இன்னொன்று வரும். அது ஜான் ஹைடர் என்ற அமெரிக்கர், தலைமைப் பண்பு பற்றி 1985-இல் வெளியிட்ட நூலில் தன் சொந்த நடையில் எழுதியது. நல்ல வரியாகவே இருக்கலாம். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துப் பெயரை அதன்மேல் ஒட்டும்போது, எதிர்த்துப் பேசத் தயங்கும் ஒரு மரியாதை அதற்கு வந்துவிடுகிறது. சீட்டுப் பணத்தை இழந்த அம்மா கும்பிட்டது அந்த மரியாதையைத்தான்.

பழைய புத்தகம், அதில் என்ன இருந்தது என்று யார் கண்டார் எனச் சிலர் வாதம் செய்வார்கள். நிறையக் கண்டிருக்கிறார்கள். 1973-இல் ஹூனான் மாகாணத்தின் மாவாங்துவியில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து பட்டுத்துணியில் எழுதிய இரண்டு பிரதிகள் கிடைத்தன. 1993-இல் ஹூபே மாகாணத்தின் குவோதியனில் அதற்கும் முந்தைய, கி.மு. 300-ஐ ஒட்டிய மூங்கில் பட்டைகள் கிடைத்தன. அத்தியாய வரிசை மாறியிருக்கிறது, சில எழுத்துகள் வேறுபடுகின்றன. வாட்ஸ்அப் வரிகள் மட்டும் அவற்றிலும் இல்லை.

கன்பூசியஸ் பெயரில் வருவது இன்னும் மோசம். பழிவாங்கக் கிளம்புகிறவன் இரண்டு குழி தோண்டிவிட்டுக் கிளம்பட்டும் என்ற கருத்து அவர் வாயில் திணிக்கப்பட்டிருக்கிறது. அவருடைய பேச்சுகளின் தொகுப்பான 'லுன்யூ'வில் அது இல்லை. அதில் இருப்பது இதற்கு நேர் மாறான தொனி. தீமை செய்தவனுக்கு நன்மையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். அப்படியானால் நன்மை செய்தவனுக்கு எதைக் கொடுப்பாய் என்று திருப்பிக் கேட்கிறார் கன்பூசியஸ். தீமைக்கு நேர்மையைக் கொடு, நன்மைக்கு நன்மையைக் கொடு என்பது அவர் தீர்ப்பு. லாவோ ட்சுவின் நூலில், பகைக்கு நற்குணத்தால் பதில் சொல்லும் கருத்து இருக்கிறது என்பதும் உண்மைதான். இரண்டு பள்ளிகளும் இதில் மோதிக்கொண்டன. மோதலை மறைத்துவிட்டு, 'சீன ஞானம்' ஒரே குரலில் மன்னிக்கச் சொல்வதாகக் காட்டுவது பித்தலாட்டம். என்னைக் கேட்டால், ஏமாற்றப்பட்டவர்கள் விஷயத்தில் நான் கன்பூசியஸ் பக்கம். கணக்கை நேர்மையாகத் தீர்த்துவிட்டு, பிறகு மனதாரக் கும்பிடலாம்.

விடாமல் பிடித்ததாலேயே உலகத்துக்கு நல்லது செய்தவர்களும் அங்கே உண்டு. கி.மு. 99-இல் லி லிங் என்ற தளபதி, ஐயாயிரம் காலாட்படையோடு போய் ஷியோங்னு குதிரைப்படையிடம் மாட்டிச் சரணடைந்தார். அரசவை முழுக்க அவரைத் திட்டியபோது, வரலாற்றாசிரியர் சிமா சியான் ஒருவர் மட்டும் அவருக்காகப் பேசினார். பேரரசர் வூவுக்குக் கோபம் வந்தது. மரண தண்டனை. பணம் கட்டித் தப்பிக்கலாம், பணம் இல்லை. ஆண்மை நீக்கும் தண்டனையை ஏற்று உயிர் பிழைக்கலாம். அதற்குச் சாவதே மேல் என்று கருதிய காலம் அது. ஆனால் சாகும் தறுவாயில் தகப்பனார் கேட்டுக்கொண்ட வரலாற்று நூல் பாதியில் நின்றது. அதற்காகவே அந்த அவமானத்தை ஏற்று, 130 அத்தியாயங்களில் 'ஷிஜி'யை முடித்தார் சிமா சியான். அந்த அவமானம் நினைவுக்கு வரும்போதெல்லாம் முதுகில் வியர்த்து உடை நனைந்துபோகிறது என்று பல வருடம் கழித்தும் ஒரு நண்பருக்கு எழுதினார். அவர் எதையும் மறக்கவில்லை. மறக்காமலேயே முன்னே போனார். ஃபான் லியைப் பற்றி நான் மேலே சொன்ன விவரங்களில் பெரும்பகுதி அவர் எழுதிவைத்ததுதான்.

அடுத்து, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்: சாவு வீடு. மனைவி செத்தபோது பழைய சீன ஞானி ஜுவாங்சி பாட்டுப் பாடினார் என்ற கதையைத் துக்கத்தில் இருப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள். ஞானி அழவில்லை, நீ ஏன் அழுகிறாய் என்பது சொல்லாமல் சொல்லும் சேதி.

கதையை முழுசாகச் சொல்கிறேன். ஜுவாங்சியின் நண்பரும் ஓயாத வாதப் பகையுமான ஹுயிசி துக்கம் விசாரிக்க வருகிறார். இவர் தரையில் காலை அகட்டி உட்கார்ந்துகொண்டு, ஒரு பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். ஹுயிசிக்குக் கோபம். உன்னோடு குடும்பம் நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, உன்னோடு கிழவியானவள், அழாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, பாட்டா என்று கேட்கிறார். ஜுவாங்சி சொல்லும் பதிலின் முதல் பகுதியைத்தான் வெட்டிவிடுகிறார்கள். அவள் செத்த கணத்தில் மற்ற எல்லாரையும் போல எனக்கும் துக்கம் வராமல் இருக்குமா என்கிறார். அதன் பிறகுதான், அவள் பிறப்பதற்கு முன் உருவமே இல்லாமல் இருந்ததையும், உருவம் வந்து உயிர் வந்து இப்போது சாவு வந்ததையும், பருவங்கள் மாறுவதைப் போல அது நடந்ததையும் யோசித்து யோசித்து இந்த இடத்துக்கு வந்தேன் என்கிறார். தானே அழுது, தானே யோசித்து, தானே வந்து சேர்ந்த இடம். வேறொருவர் அவரை அங்கே இழுத்து வரவில்லை. வந்த விருந்தாளியோ பாடியதற்குக் கோபித்துக்கொண்டவர்!

இந்தக் கதை இருக்கும் நூலிலேயே இன்னொரு இடம் இருக்கிறது. பின்னாளில் அந்த ஹுயிசியும் செத்துவிடுகிறார். ஒரு சவ ஊர்வலத்தோடு போகும் வழியில் ஜுவாங்சி நண்பனின் சமாதியைத் தாண்டுகிறார். கூட வந்தவர்களிடம் திரும்பி, மூக்கு நுனியில் ஈயின் இறக்கை அளவுக்கு ஒட்டிய சுண்ணாம்பைக் கோடரி வீசியே சீவி எடுத்த ஒரு தச்சனைப் பற்றிச் சொல்கிறார். அந்த வித்தையை எனக்கும் செய்து காட்டு என்று ஓர் அரசர் கேட்டபோது, முன்பு செய்தேன், எதிரே அசையாமல் நின்றவன் செத்து நாளாகிவிட்டது என்றானாம் தச்சன். நீ போன பிறகு எனக்கும் பேச ஆள் இல்லை என்கிறார் ஜுவாங்சி, சமாதியைப் பார்த்து. 'விட்டுவிட்ட' ஞானியின் நெஞ்சில் அவ்வளவு இருந்திருக்கிறது.

கன்பூசியஸோ, பிரியமான சீடன் யான் ஹுயி செத்தபோது உடைந்து அழுதார். மிதமிஞ்சி அழுகிறீர்கள் என்று மற்ற சீடர்களே சொன்னார்கள். இவனுக்காக அழாவிட்டால் வேறு யாருக்காக அழுவேன் என்று கேட்டார். பெற்றோர் இறந்தால் மூன்றாம் வருடம்வரை நீளும் துக்கம் அந்த மரபில் கடமை. பிற்கால அரசுகளில் அதிகாரிகள் 27 மாதம் பதவியை விட்டு விலகி வீட்டில் இருந்தாக வேண்டும். இருபத்தேழு மாதம்! நாம் பதினாறாம் நாளில் 'மூவ் ஆன்' ஆகச் சொல்கிறோம், அதற்கு அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

எல்லையோரக் கிழவனின் குதிரைக் கதையும் இப்படித்தான் பாதியாகிவிட்டது. குதிரை ஓடிப்போகிறது, நல்லதாக இருக்கலாம் என்கிறான் கிழவன். அது வேறு நல்ல குதிரைகளோடு திரும்பி வருகிறது. மகன் ஏறிச் சவாரி செய்து விழுந்து தொடையை உடைத்துக்கொள்கிறான். போர் வருகிறது, நொண்டியானதால் அவன் பிழைக்கிறான். 'ஜென் கதை' என்று பெயர் போட்டு வரும் இது உண்மையில் 'ஹுவாய்நான்ஸி' என்ற நூலில் இருக்கிறது. ஹுவாய்நான் அரசர் லியூ ஆன் கி.மு. 139-இல் பேரரசருக்குக் கொண்டுபோய்க் கொடுத்த தொகுப்பு அது. எல்லாம் நன்மைக்கே என்று கிழவன் எங்கும் சொல்லவில்லை. குதிரைகள் வந்து ஊரே வாழ்த்தியபோது, இது கெட்டதாக இருக்கலாம் என்றும் அவன்தான் சொல்கிறான். ஆனால் லாபம் பார்த்தவனுக்கு இந்தக் கதையை யாரும் அனுப்புவதில்லை. போரில் அந்த எல்லைப்புறத்துப் பையன்களில் பத்துக்கு ஒன்பது பேர் செத்தார்கள் என்ற வரியும் மூலத்தில் இருக்கிறது. அந்த ஒன்பது வீடுகளுக்குப் போய் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

வேலையை விட்டுவிட்டு மனசு சொல்லும் வழியில் போ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் காட்டும் ஆதர்சம் கவிஞர் தாவோ யுவான்மிங். கி.பி. 405-இல் பங்சே ஊரின் அதிகாரியாகச் சேர்ந்து, எண்பது சொச்சம் நாளிலேயே உதறிவிட்டு ஊருக்குப் போனவர். போக அவருக்குச் சொந்த நிலம் இருந்தது. 408-இல் வீடு தீப்பிடித்தது. பசி தாங்காமல் அடுத்தவர் வாசலுக்குப் போய் நின்றதை அவரே பாட்டாக எழுதியிருக்கிறார். தெரிந்தே அந்த விலையைக் கொடுத்தார், அதனால்தான் அவர் பெரியவர். விலையை மறைத்துவிட்டு ராஜினாமாவை மட்டும் காட்டும் 'லெட்டிங் கோ' வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, காரியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நாள் கடந்தால் பணமும் உரிமையும் போய்விடும். நம் நாட்டுச் சட்டத்தில் நுகர்வோர் புகாருக்குப் பொதுவாக இரண்டு வருடம்தான் கெடு. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம். ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், மணிக்கணக்கு தாமதித்தாலும் பணம் கைமாறிப் போய்விடும். சீட்டுப் பணம் சிக்கினால் அது பதிவான சீட்டா என்று பதிவுத்துறையில் விசாரியுங்கள், மோசடி என்று தெரிந்தால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். துக்கம் மாதக்கணக்கில் ஆளை முடக்கிப் போட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த முறை அந்த மூங்கில் படம் வரும்போது, இது எந்த நூல், எத்தனையாவது அத்தியாயம் என்று அனுப்பியவரிடமே கேளுங்கள். அனுப்பியவரே உங்களுக்குப் பணமோ பதிலோ தர வேண்டியவர் என்றால் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா எடுத்து வைத்திருக்கிறார். புகார் மனுவோடு அதையும் இணைத்துக் கொடுத்தாயிற்று.